இளைப்பாறுதலும் ஆறு வீடுகளும்

வியாதிக்காரரைப் போய்ப் பார்ப்பதும் அவருக்காக ஜெபிப்பதும் விசுவாசிகளின் கடமை. பிராங்க்ஸில் எங்கள் சபையார் போன குளிர்காலத்தில் இந்தக் கடமையைக் கொஞ்சம் மிஞ்சியே செய்துவிட்டார்கள். அதனால் வந்த வினை இது.

தோன் எவாரிஸ்தோ, அதாவது எவாரிஸ்தோ ஐயா, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மனைவியும் இல்லை, மக்களும் இல்லை. நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் அவரைவிட நல்லது அவர் வீடு. அது கட்டுப்பட்ட வீடு. வருஷத்துக்கு வாடகை எவ்வளவு ஏறலாம் என்று அரசாங்கமே கயிறு கட்டி வைத்திருக்கும் வீட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இந்த ஊரில் சொர்க்கம் நிச்சயம் என்று சொல்பவர்கள் உண்டு. கட்டுப்பட்ட வீடு நிச்சயம் என்று சொல்லத் துணிந்தவரை நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் மிரேயாவுக்கு வீடு உடனே வேண்டியிருந்தது. அவள் குடியிருந்த வீட்டைப் புதிதாக வாங்கியவன், ஈஸ்டருக்குள் வாடகையை இரட்டிப்பாகக் கொடு, இல்லையேல் கிளம்பு என்று சொல்லிவிட்டான். இரண்டு பிள்ளைகளோடு அவள் தரகர்கள் பின்னால் அலைந்தாள். ஒருவன் காட்டிய அறையில் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. அதற்குப் பெயர் எளிமை வாழ்வாம், இப்போது படித்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம். இன்னொரு இடத்தில் குளியல்தொட்டி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது பழமையின் அழகு என்றான்.

எவாரிஸ்தோவுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் அல்தக்ராசியாதான் அவளுக்குப் புத்தி சொன்னாள்.

"பேப்பர்ல தேடினா வீடு கிடைக்குமாடி? ஆஸ்பத்திரில தேடு. புதன்கிழமை கீழ்வீட்டுல ஜெபம். சாவி என்கிட்டதான் இருக்கு. வந்து கண்ணால பாத்துக்கோ."

வியாதிக்காரர் இல்லாவிட்டாலும் அவர் வீட்டில் கூடி ஜெபிப்பது எங்கள் வழக்கம். அதுவரை புதன்கிழமைக்கு நாலு பேர் வந்தால் அதிகம். அன்று மாடிப்படிவரை ஜனம். கோயில் வாசலை மிதிக்காதவர்கள்கூட முழங்காலில் நின்றார்கள். ஒரு சகோதரர் சுவரில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார், நடுநடுவே தட்டியும் பார்த்தார். இன்னொருவர் துதியில் இரண்டு கையையும் விரித்து, விரித்த கை விரித்தபடியே ஜன்னல்வரை நடந்தார். அவர் வீட்டு அலமாரியின் அகலம் அது. "ஆண்டவரே, எங்களைக் கழுவும்" என்று போதகர் நெகேமியாஸ் சொன்னதும் குளியலறையில் வெந்நீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் வரும் வேகத்தைக் கேட்டுச் சபையே "ஆமென்" என்றது.

ஜெபத்தில் ஒரு சிக்கல் இருந்தது. சுகம் கேட்டால் அவர் திரும்பி வந்துவிடுவார். சாவு கேட்பது பாவம். போதகர்தான் ஒரு வார்த்தை கண்டுபிடித்துக் கொடுத்தார்: இளைப்பாறுதல். ஆண்டவரே, உமது அடியானுக்கு இளைப்பாறுதல் தாரும். எந்த மாதிரி இளைப்பாறுதல் என்பதை ஆண்டவருடைய சித்தத்துக்கே விட்டுவிட்டோம்.

மிரேயா மட்டும் திணறினாள். அந்த மனுஷன் பஸ் ஓட்டின காலத்தில், அவள் கைப்பிள்ளையோடு ஓடி வருவதைப் பார்த்தால் வண்டியை நிறுத்திக் காத்திருப்பாராம். "அக்கா, எனக்கு இளைப்பாறுதல்னு வாய்ல வர மாட்டேங்குது," என்றாள்.

"உனக்கு வீடு வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள் அல்தக்ராசியா.

இப்படிச் சில வாரம் போயிற்று. கூட்டத்தைப் பார்த்த கட்டடத்தின் வீட்டுக்காரன், குடியிருப்பவர் இல்லாத வீட்டில் யார் யாரோ இருக்கிறார்கள் என்று வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதினான். மேற்படி புகாரின் மேல் மேற்படி இடத்தை நேரில் பார்வையிட டன்லீவி என்ற அதிகாரி வந்தார்.

இங்கே யார் குடியிருப்பது என்று கேட்டார். குடியிருப்பவர் போய்விட்டால் கூட வசித்த உறவுக்காரருக்கு வீடு சேரும் என்பது சட்டம். ஆகவே எல்லாரும் கை தூக்கினார்கள். ஒருவருக்கு எவாரிஸ்தோ சித்தப்பா, இன்னொருவருக்கு மாமா. ஒரு கொரியக்காரர் தாய்வழிச் சொந்தம் என்றார். டன்லீவி படுக்கையறையைத் திறந்து பார்த்தார். ஒரே கட்டில், ஒரே தலையணை.

மறுவாரம் தீர்ப்போடு வந்து வாசித்தார். குடியிருப்பவர் இங்கே தூங்குவதில்லை. இங்கே இருப்பவர்கள் குடியிருப்பதில்லை, ஜெபிக்கிறார்கள். ஆகவே இது வீடு அல்ல, ஆலயம். கட்டடத்தில் ஆறு வீடு இருந்தால்தான் சட்டத்தின் காவல் உண்டு. ஆலயம் போக மிச்சம் ஐந்து. ஆகவே ஐந்து வீட்டுக்கும் இனி வீட்டுக்காரர் சொல்வதே வாடகை.

அல்தக்ராசியா முன்னால் வந்தாள். "ஐயா, சத்தியமா நாங்க ஜெபமே பண்ணல. வீடு பாக்கத்தான் வந்தோம்."

"அப்படியா? அதை எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. தீர்ப்பை ரத்து பண்ணிடறேன். ஒருத்தர் ஜெபிச்சிருந்தாலும் ஆலயம் ஆலயம்தான்."

எல்லாரும் போதகரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி நெடுநேரம் தியானித்தார். பிறகு முதல் கையெழுத்தை அவரே போட்டார். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் அவர்தான். மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள். மிரேயா பேனாவை வாங்கிவிட்டுத் தயங்கினாள்.

"அக்கா, நான் நெசமாவே ஜெபம் பண்ணிட்டேன். சுகம்தான் கேட்டேன்."

"சத்தம் போடாதடி, பாவி. நீ கேட்டு எப்ப எது கிடைச்சிருக்கு? போடு."

போட்டாள். டன்லீவி தீர்ப்பைக் கிழிக்க இரண்டு கையாலும் பிடித்தார். அப்போது வாசற்கதவு திறந்தது. தோன் எவாரிஸ்தோ, கைத்தடிகூட இல்லாமல், பளிச்சென்று சவரம் செய்த முகத்தோடு உள்ளே வந்தார். கூட்டத்தைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர் கையை விரிச்சிட்டாரு. உங்க ஜெபந்தான் என்னை எழுப்பி விட்டுச்சு."

டன்லீவி அவரை மேலும் கீழும் பார்த்தார். சாட்சியைக் குறித்துக்கொண்டார். தீர்ப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஈஸ்டருக்கு மிரேயா பிள்ளைகளோடு தங்கை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தாள். ஐந்து வீட்டில் குடியிருந்தவர்களும் அவளோடு சேர்ந்து தரகர் பின்னால் நடக்கிறார்கள். எவாரிஸ்தோ ஆலயத்தில் குடியிருக்கக் கூடாது என்று தனியாக ஒரு கடிதம் வந்தது. அவரும் நடக்கிறார், சுகமாக.

புதன்கிழமை ஜெபம் இப்போதும் நடக்கிறது. யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று போதகர் கேட்கிறார். வேறு கட்டடங்களில் கட்டுப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் இன்னும் நாங்கள் சிலபேர் இருக்கிறோம். யாரும் வாய் திறப்பதில்லை. தும்மல் வந்தால் ஸ்தோத்திரம் சொல்லி விழுங்கிவிடுகிறோம்.