நாலாவது கீ

தான் ஜெயிப்பது தன் திறமையால் அல்ல, கீபோர்டின் கோளாறால்தான் என்று தெரிந்த நொடியில், லிஃப்ட் மெக்கானிக் வாயில் போட்ட பிஸ்கட்டை மென்று விழுங்க மறந்துபோனார்.

"இன்னொரு ஆட்டம்?" என்றாள் மனைவி, விரல்களைச் சொடுக்கிக்கொண்டே.

"இரு, கால் மரத்துப்போச்சு" என்று சமாளித்தார்.

மனுஷன் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிறார். பொழுது போகட்டும் என்று மச்சினன் கம்ப்யூட்டரில் ஒரு சண்டை விளையாட்டை இறக்கிக் கொடுத்திருந்தான். ஜப்பானில் யாரோ நாலு நண்பர்கள், வேலை போக மிச்ச நேரத்தில் உருவாக்கி, காசே வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்த விளையாட்டாம். திரையில் ஓர் எழுத்தும் புரியாது. புரியாவிட்டால் என்ன, உதைக்கு மொழி வேண்டுமா? ஒரே கீபோர்டில் இரண்டு பேர் தோளை இடித்துக்கொண்டு ஆடலாம். இடது பக்கம் அவருக்கு, குடையால் அடிக்கிற கிழவர். வலது பக்கம் அவளுக்கு, துடைப்பத்தைச் சுழற்றுகிற பெண்.

முதல் வாரம் அவரைத் துவைத்துக் காயப்போட்டாள். வக்கீல் ஆபீசில் நாள் முழுக்க டைப் அடிக்கிற விரல்கள், கேட்கவா வேண்டும்! "காலும் போச்சு, கையும் போச்சு. இனிமே நான் எதுக்கு லாயக்கு?" என்று மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாப்பாடுகூட இறங்கவில்லை. அப்புறம் கீபோர்டில் டீ கொட்டிவிட்டது என்று அவள் வேறொன்று வாங்கி வந்தாள். அது வந்த வேளையோ என்னவோ, அன்றிலிருந்து அவருக்கு ஜெயம்தான். ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு விசிலடித்தபடி வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார். கம்பெனிக்குப் போன் போட்டு, "சீக்கிரம் வேலைக்கு வந்துடுவேன்" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

இன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. அவர் மூன்று கீயைச் சேர்த்து அழுத்தும்போது, நாலாவதாக அவள் அழுத்துகிற கீயை அந்தக் கீபோர்டு கண்டுகொள்வதே இல்லை. அடியைத் தடுக்க அவள் பாவம், விரல் நோக அழுத்துகிறாள். துடைப்பக்காரி மரம் மாதிரி நின்று உதை வாங்குகிறாள்.

சே, பெண்டாட்டியை ஏமாற்றியா இத்தனை நாள் மார்தட்டினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். சொல்லிவிடலாம்தான். சொன்னால் ஜெயித்ததெல்லாம் பொய்யாகிவிடுமே! சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு நியாயமாக ஜெயிப்போம் என்று முடிவுசெய்தார்.

முதலில், ஒவ்வொரு கீயாக அழுத்தி ஆடிப் பார்த்தார். படுதோல்வி. அவள் பதறிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்புக்கு என்ன? நேத்து வரைக்கும் புலி மாதிரி ஆடுனீங்களே!"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமலா இப்படி உதை வாங்குவீங்க? நான் டாக்டருக்குப் போன் பண்றேன்."

டாக்டர் கசப்பு மாத்திரை ஒன்றைக் கூட்டினார்.

மறுநாள் அவள் ஆபீஸ் போனதும், அவளுடைய கீக்களை இடம் மாற்றப் பார்த்தார். எல்லாம் ஜப்பானிய எழுத்து. குத்துமதிப்பாக எதையோ தட்டினார். அதன்பிறகு துடைப்பக்காரியைக் குதிக்கச் சொன்னால் கிழவர் குனிந்தார். கிழவரை அடிக்கச் சொன்னால் ஆட்டமே மூடிக்கொண்டது. மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாமா, என்னத்தைத் தொட்டீங்க?"

"நான் எதையும் தொடலைடா!"

"தொடாம எப்படி? சரி, அதை அழிச்சிட்டு மறுபடி இறக்குங்க."

இறக்கினார். எல்லாம் பழையபடி வந்தது, கோளாறும் சேர்த்து.

பதினாறு மாடி லிஃப்டையே பிரித்து மாட்டுகிறவனுக்கு இது எம்மாத்திரம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். திறந்ததும் குட்டிக் குட்டி ரப்பர் மூடிகள் கட்டிலுக்கடியில் சிதறி ஓடின. ஒற்றைக்காலோடு தவழ்ந்து பொறுக்கி, மறுபடி மாட்டினார். இப்போது அவருடைய பக்கமும் செத்துப்போயிருந்தது.

மணி நாலு. மனைவி வர இன்னும் கொஞ்ச நேரம்தான். விழுந்த நாளிலிருந்து, ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாத மனுஷன், கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. இருந்தாலும், நடந்தே வந்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம்.

"இதுக்குப் பதிலா நல்லதா ஒண்ணு குடுங்க. எத்தனை கீயைச் சேர்த்து அழுத்தினாலும் அத்தனையும் வேலை செய்யணும். வலது பக்கம் ரொம்ப முக்கியம், என் சம்சாரம் உக்கார்ற பக்கம்" என்றார் மூச்சு வாங்க.

கடைக்காரர் பையிலிருந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதை எப்படி சார் மறப்பேன்? போன மாசம் ஒரு அம்மா வந்து, கடையில இருக்கிற அத்தனை கீபோர்டையும் தட்டிப் பாத்துட்டு, 'இடது பக்கம் மூணு கீயை அழுத்தினா வலது பக்கம் வேலை செய்யக்கூடாது, அப்படி மட்டமானது ஒண்ணு இருந்தா குடுங்க'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க!"