டயர் ஒட்டிய நடனக் காலணி

ரப்பர் செருப்போடு தெருவில் நடந்துவிட்டு, வீட்டுக்குள் நுழையும்போது பளபளவென்று ஷூ மாட்டிக்கொள்ளும் மனிதர் ராஜபாளையத்தில் ஒருவர்தான் உண்டு. உலகம் வாசலில் கழற்றும். அவர் வாசலில் மாட்டுவார். அவர்தான் எங்கள் பாதம் மாஸ்டர்.

அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. எதிரே கலெக்டரே வந்து நின்றாலும் பார்வை கணுக்காலுக்குக் கீழேதான் இருக்கும். "நேத்து பஸ் ஸ்டாண்டுல உங்களப் பாத்தேன் சார். இடது சுண்டுவெரல செருப்பு கடிக்குது போல" என்பார். பயணிகள் கப்பலில் ரொட்டி சுட்டவர். அங்கே ஜோடி ஜோடியாக ஆடியவர்களைப் பார்த்து வால்ட்ஸ், ரும்பா, சாச்சா எல்லாம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். பேண்டேஜ் துணிக் கிடங்கின் மாடியில் நடன வகுப்பு தொடங்கினார். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். என் மனைவி சரோஜா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏங்க, உங்க எழுபதாம் கல்யாணத்துல நாம ஒரு வால்ட்ஸ் ஆடணும்" என்றாள்.

வக்கீல் வீட்டில் வாழ்க்கைப்பட்டு, ஆயுள் முழுக்க என் கேஸ் கட்டுகளைத் தூசி தட்டியவள். தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான். என் தங்கை பக்கத்தில் இருந்தாள். "ஏண்ணே, மதினிக்கு மூட்டுவலித் தைலம் வாங்கிக் குடு. இந்த வயசுல டான்ஸு எதுக்கு? சொந்தக்காரவுக சிரிக்கவா?" என்றாள். சரோஜா அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளோடு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

"ஷூ அளவெடுக்கக் காலைல வராதீய" என்று மாஸ்டர் எங்களைத் திருப்பி அனுப்பினார். "பகலெல்லாம் நடந்து பாதம் செத்த வீங்கி இருக்கணும். அந்த அளவுதான் நெசம்."

சாயங்காலம் போனோம். முன்பக்கம் திறந்து, கணுக்காலில் வார் கட்டும் குதிகால் செருப்பு ஒன்றைச் சரோஜாவின் காலில் மாட்டினார்.

"வெரலுக்கு முன்னால கொஞ்சம் எடம் விட்டு எடுக்கலாமா மாஸ்டர்?"

"எதுக்கு மேடம்? நீங்க என்ன வளர்ற பிள்ளையா? ஷூவுக்குள்ள பாதம் சொந்த வீட்டுல இருக்க மாதிரி இருக்கணும். வாடகை வீட்டுல இருக்க மாதிரி இருக்கக் கூடாது."

கோர்ட்டுக்குப் போட்ட என் கறுப்பு ஷூ போதும் என்றேன். அதைத் திருப்பிப் பார்த்தார். "இதப் போட்டு ஆடுனீயன்னா மேடம் கால் வெரலு ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்" என்றார். எனக்கும் புது ஜோடி வந்தது.

அதன்பின் சட்டங்கள் வந்தன. ஷூ தெருவை மிதிக்கக் கூடாது. தண்ணீர், வெயில், பிளாஸ்டிக் பை மூன்றும் ஆகாது. ஆடி முடித்ததும் உள்ளே காகிதம் திணித்து நிழலில் காற்றாட வைக்க வேண்டும். "கைப்பிள்ளைய வளக்குறதா நெனச்சுக்கிடுங்க" என்றார். எங்கள் பிள்ளைகளைக்கூட அவ்வளவு கவனமாக நான் வளர்க்கவில்லை.

கட்சிக்காரர்களிடம் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்று சொல்லியே காலம் தள்ளிய நான், இப்போது ஒப்புக்கொள்கிறேன். குற்றவாளி நானே.

சரோஜாவின் அந்தச் செருப்பின் அடிப்பாகம் பூனைக்குட்டி முதுகுபோல் பொசுபொசுவென்று இருந்தது. வழுக்காமலும் ஒட்டாமலும் சுழல்வதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. நம் பக்கத்தில் புதுச்செருப்பு வாங்கினால் சுற்றிலும் தையல் போட்டு, அடியில் டயர் ஒட்டிய பிறகுதானே காலில் போடுவோம்? விழாவுக்கு முதல் நாள், சரோஜாவிடம் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு செருப்பு தைப்பவரிடம் போனேன்.

"உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க சார். தோலத் திருப்பிப் போட்டுத் தச்சிருக்கான்" என்றார் அவர். "போயி டீ குடிச்சிட்டு வாங்க. மலையே ஏறுனாலும் தேயாத மாதிரி பண்ணித் தாரேன்."

சொன்னபடியே செய்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மாஸ்டரின் கிடங்கு மாடியில் கடைசி ஒத்திகை. "என்னங்க, கனமா இருக்கே?" என்றாள் சரோஜா. "உனக்கு நெனப்புதான்" என்றேன். பாட்டு தொடங்கியது. திரும்பும் இடம் வந்ததும் அவள் உடம்பு திரும்பியது; கால் திரும்பவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு பேண்டேஜ் மூட்டைகள்மேல் விழுந்தாள். அடிபட்டிருந்தால் கட்டுப்போட அதைவிட வசதியான இடம் கிடையாது. நல்லவேளை, அடி இல்லை.

மாஸ்டர் செருப்பைக் கழற்றித் திருப்பினார்.

"இது எந்த லாரில இருந்த டயரு சார்?"

நான் தலையைக் குனிந்தேன். சரோஜா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "அப்ப நாளைக்கு ஆட முடியாதா மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். வேறு ஜோடி சென்னையிலிருந்துதான் வர வேண்டும். மூட்டைகளுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்து, கத்தியால் டயரைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். அடியில் பசை இறுகிக் கிடந்தது. ஒரு தகர டப்பாவிலிருந்து, மில்லில் பஞ்சு சீவும் மெஷினின் பழைய கம்பிப் பட்டைத் துண்டை எடுத்தார்.

"பஞ்சையே நோகாமச் சீவுற கம்பி சார். இந்தத் தோலு எம்புட்டு?"

ஒரே திசையில், மெல்ல மெல்லச் சீவினார். பசை தூளாக உதிர்ந்தது. பூனைக்குட்டி முதுகு மெதுவாகத் திரும்பி வந்தது. நான் உதவிக்குக் கை நீட்டினேன்.

"நீங்க தொடாதீய சார். தள்ளியே நில்லுங்க."

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில், மாலை வரவேற்பு. மண்டப மேனேஜர் மேடைப் படியை மறித்துக்கொண்டு நின்றார். "காலைல ஹோமம் நடந்த மேடை சார் இது. செருப்புக் காலோட ஏறவே கூடாது!"

மாஸ்டர் முன்னால் வந்தார். மேனேஜரின் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவினார். துணிப்பையிலிருந்த சரோஜாவின் செருப்பை எடுத்து அடியைத் துடைத்துக் காட்டினார். துண்டு வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் குனிந்து, மேனேஜரின் வெறும் பாதத்தைத் தூக்கித் துடைத்தார். துண்டு கறுப்பானது.

"இப்ப யாரு மேடை ஏறலாம்? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டு வழிவிட்டார்.

ஆடினோம். நான் ஆடினேன் என்பதைவிட, சரோஜா சுழன்றாள், நான் விழாமல் இருந்தேன் என்பதே உண்மை. பட்டுப்புடவையின் கொசுவம் விசிறி மாதிரி விரிந்தது. கடைசிச் சுற்றில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபோது மண்டபமே எழுந்து கை தட்டியது. முதலில் மேடைக்கு ஓடிவந்தவள் என் தங்கைதான்.

"மதினி, இந்தச் செருப்பு எங்க கெடைக்கும்?"

"சாயங்காலமா வா, அளவெடுப்பாக" என்றாள் சரோஜா.

பிறகு உறவினர்கள் ஒவ்வொருவராக எங்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். வரிசையில் மாஸ்டரும் வந்து குனிந்தார். சரோஜா கண் கலங்கி, அவர் தலையில் அட்சதை போட்டு, "நல்லா இருக்கணும் மாஸ்டர்" என்றாள்.

"வாரு ஒரு ஓட்டை லூசா இருக்கு மேடம்" என்றது கீழேயிருந்து குரல்.

வாரை இறுக்க அவருக்கு ஒரு கை போதுமாக இருந்தது. இன்னொரு கை, வெகுநேரம், என் பாதத்தின்மேல் இருந்தது.