காப்புப் பட்டயம் பெற்ற நடுவர் பனையேறிய வரலாறு

களமங்கலம் என்றொரு நாடு. எந்த வரைபடத்திலும் அது கிடையாது. ஆகவே அங்கே நடந்ததற்கு இங்கே யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நாட்டில் சடுகுடு ஆடித்தான் மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராக ஆட்டம் நடக்கும், கடைசியில் தலைநகரில் பேராட்டம். வெல்லும் அணியின் தலைவர் முதன்மந்திரி. களத்தின் இரண்டு ஓரத்திலும் இரண்டு நடுவர்கள் நிற்பார்கள். இருவர் விசிலும் சேர்ந்து ஒலித்தால்தான் எந்தத் தீர்ப்பும் செல்லும்.

ஆட்டத்தில் யாருக்காவது கைகால் முறிந்தால் அது நடுவரின் குற்றம். எலும்பு கூடும்வரை முறிந்தவனின் தொழிலை நடுவரே செய்ய வேண்டும் என்பது சட்டம். இப்படிச் சட்டம் வைத்தால் எவன் விசிலைத் தொடுவான்? அதனால் பழைய அரசர் ஒருவர் தேர்வு வைத்து, தேறியவர்களுக்குக் காப்புப் பட்டயம் கொடுத்தார். பட்டயம் உள்ளவருக்குப் பதிலாக அரண்மனை ஆட்களே போய் அந்தத் தொழிலைப் பார்ப்பார்கள்.

நம் ஏகம்பன் மூன்று முறை தோற்று, நான்காம் முறை அந்தப் பட்டயத்தை வாங்கியவர். இருபத்திரண்டு வருடம் நிம்மதியாக ஊதினார். மனுஷனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், உயரம். பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடியைக்கூட மனைவி செங்கமலம்தான் ஏறி எடுப்பாள்.

அப்புறம் வந்தார் இப்போதைய முதன்மந்திரி. வந்த வேகத்தில் பட்டயத் தேர்வை நிறுத்தினார். தேர்வு வைத்தால் தேறாதவர் மனம் புண்படுகிறதாம். அடுத்த மாதம், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நடுவரை அரண்மனையே அனுப்பும் என்றார். அனுப்பப்பட்டவர்கள் அத்தனை பேரும் மந்திரிகளின் மாப்பிள்ளைகள். அதற்கடுத்த மாதம்தான் தலையில் இடி விழுந்தது: பட்டயம் இல்லாதவரோடு சேர்ந்து ஊதும் நடுவருக்குக் காப்பு செல்லாது.

ஏகம்பன் விழுந்தடித்துக்கொண்டு பட்டய அதிகாரியிடம் ஓடினார். அதிகாரி, பூட்டிய அலுவலகத்தின் வாசலில் நாற்காலி போட்டு அலுவல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் கூட ஊதுற மாப்பிள்ளைக்கும் ஒரு பட்டயம் குடுத்துருங்க."

"தேர்வு நிறுத்தப்பட்டிருப்பதைத் தாங்கள் அறியீர்களா?"

"சரி, அப்போ நான் ஊத வரல."

"பட்டயம் பெற்றவர் ஊத மறுப்பது ராஜத்துரோகம்."

"எலும்பு முறிஞ்சா பாதிப் பழி அவருக்கும் உண்டுதான?"

அதிகாரி பரிவோடு சிரித்தார். "பட்டயம் இல்லாதவர் சட்டப்படி நடுவரே அல்லர். நடுவர் அல்லாதவர்மேல் நடுவரின் பழியை எப்படிச் சுமத்துவது? நீதி என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

"ஆனா அவர் விசில் மட்டும் செல்லுமோ?"

"முற்றிலும் செல்லும்."

ஏகம்பன் பட்டயத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார். வீட்டில் வந்து சொன்னபோது செங்கமலம் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "அப்போ படிச்சுத் தேறினதுதான் நீங்க பண்ணின குத்தம்" என்றாள்.

அடுத்த வாரமே ஆட்டம். கூட நின்றவர் உணவு மந்திரியின் மூத்த மாப்பிள்ளை கோமதிநாயகம். விசிலைத் தங்கச் சங்கிலியில் கோத்திருந்தார். முதன்மந்திரி அணிக்குள் பாடிப் போனவன் பனையேறி இருளப்பன். ஏழு பேரும் அவன்மேல் விழுந்து அமுக்கினார்கள். பயல் விட்டானா? அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு நெளிந்து வந்து விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். முறைப்படி ஏழு பேரும் அவுட். ஏகம்பன் ஊதினார். கோமதிநாயகம் மேடையைப் பார்த்தார். மேடையில் மாமனார் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார், தலையை ஆட்டவில்லை. ஒற்றை விசிலுக்கு ஏழு பேரும் எழுந்திருக்கவில்லை. ஏகம்பன் கன்னம் உப்ப உப்ப ஊதிக்கொண்டே இருந்தார். அடியில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

தீர்ப்பு சுருக்கமானது. இருளப்பனின் கால் கூடும்வரை அவனுடைய நாற்பது பனைகளும் ஏகம்பன் பொறுப்பு.

மறுநாள் காலை, கட்டுப்போட்ட காலோடு கயிற்றுக் கட்டிலில் கிடந்த இருளப்பன், காலில் மாட்டும் தளைநாரை எடுத்து நீட்டினான். ஏகம்பன் வாங்கவில்லை.

"இருளப்பா, நான் ஊதினேன்டா."

"தெரியும் அண்ணாச்சி. அத்தன பேருக்கு அடியில கிடந்தும் எனக்குக் கேட்டுச்சு."

ஏகம்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தளைநாரை வாங்கி மாட்டினார். முதல் நாள் இரண்டு முழம் ஏறி, மரத்தைக் கட்டிக்கொண்டு குலதெய்வம் முதல் மாமியார்வரை எல்லோரையும் கூப்பிட்டார். "கீழ பாக்காதீங்க அண்ணாச்சி, மரத்தப் பாருங்க" என்று இருளப்பன் கட்டிலில் கிடந்தபடியே ஏற்றினான். தொடையும் நெஞ்சும் சிராய்த்து, நாளுக்கு நாலு முழமாகக் கூடி, பேராட்டம் நடக்கும் நாளன்று ஏகம்பன் முதல் முறையாகப் பனையின் உச்சியைத் தொட்டார்.

கண்ணைத் திறந்தார். நாடே தெரிந்தது. ஆற்றில் பரிசல் தள்ளிக்கொண்டிருந்தவரைப் பார்த்தால், அட, வடகரை நடுவர் திருமேனி. சூளையில் செங்கல் சுமப்பவரும் பட்டயக்காரர். ஆட்டு மந்தைக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடுபவரும் பட்டயக்காரர். ஏகம்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஓய் திருமேனி, எந்தக் கால் முறிஞ்சுது?"

"வலது கை ஓய்" என்று பரிசலிலிருந்து பதில் வந்தது. "நம்ம ஆளுங்க முப்பத்தொரு பேரும் இப்படித்தான். நீரு ஒருத்தராவது தப்பிச்சிருப்பீருன்னு நெனச்சேன்."

ஏகம்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. முப்பத்தொரு பேரும் இங்கே என்றால் தலைநகரில் இன்றைக்கு யார் ஊதுகிறார்கள்? கழுத்தைத் திருப்பினார். தொலைவில் பேராட்டக் களம் தெரிந்தது. இரண்டு ஓரத்திலும் இரண்டு தங்கச் சங்கிலிகள் மின்னின. அந்த நேரம் இரண்டு விசிலும் ஒன்றாக, இம்மி பிசகாமல் ஒலித்தன.

"யாரு ஜெயிச்சா அண்ணாச்சி?" என்று கீழிருந்து இருளப்பன் கேட்டான்.

"முதன்மந்திரிக்கு மால போடுதாங்க. ஜனம் கை தட்டுது."

"எதிர்த்து ஆட வந்தவங்க என்ன செய்யுதாங்க?"

ஏகம்பன் ஒரு கையை எடுத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"வாசலுக்கு வெளிய வரிசையில நிக்காங்க இருளப்பா. இன்னும் உள்ள விடல."