விஸ்ட்புல்லியும் வளைந்துபோன கம்ப வரிசையும்

1938 பிப்ரவரி 14, திங்கட்கிழமை, சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷம். இது நாலாவது தாள். முதல் மூன்றைக் கிழித்துவிட்டேன்.

பனமரத்துப்பட்டி ஏரிக்கரைக் கூடாரத்திலிருந்து, உங்கள் அக்காள் மகன் தண்டாயுதபாணி, மரியாதைக்குரிய சின்னுசாமி மாமா அவர்களுக்கு வணக்கம். இவ்விடம் நானும் மின்சாரக் கம்பங்களும் நின்றுகொண்டிருக்கிறோம். அத்தையின் முழங்கால் வலி எப்படியென்று எழுதவும்.

விஷயத்துக்கு வருகிறேன். சௌந்திரத்துக்குப் பத்தொன்பது ஆகிவிட்டது, ஆத்தூர் அரிசி மில்காரர் பையனுக்குக் கேட்கிறார்கள், உரிமைக்காரன் நீ வாய்திறந்து வேண்டாமென்று சொல்லாமல் வெற்றிலை மாற்ற முடியாது என்று எழுதியிருந்தீர்கள். பெண் என்ன வாய்க்கால் தண்ணீரா, முறைவைத்துப் பாய்ச்ச? எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆத்தூருக்கே கொடுங்கள். சம்மதம்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தின் அடியில் சௌந்திரம் ஒரு வரி எழுதியிருந்தாள்: இங்கிலீஷ் கதைப் புத்தகத்தில் 'விஸ்ட்புல்லி' (wistfully) என்று ஒரு வார்த்தை வருகிறது, அத்தானுக்குத் தெரிந்தால் பொருளும் உபயோகமும் எழுதவும் என்று. கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் வோல்ட்டும் ஆம்பியரும்தான். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். கிடைக்காது என்று தெரிந்த ஒன்றை, கிடைத்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தபடி சத்தமில்லாமல் பார்ப்பது விஸ்ட்புல்லி பார்ப்பது. 'ஏக்கத்தோடு' என்று போட்டால் பாரம் அதிகம், அழுகை வந்துவிடும். இதில் அழுகை கிடையாது, ஓரத்தில் கொஞ்சம் சிரிப்புகூட உண்டு. மத்தியானத்தில் இங்கே ஏரிக்கு அந்தக் கரை கானலில் அசைகிறது, பனைகள் தண்ணீரில் நிற்கிறதா தண்ணீர் பனையில் நிற்கிறதா தெரியாது, ஒரு எருமை கழுத்துவரை இறங்கி நின்று அக்கரையையே பார்த்துக்கொண்டிருக்கும், கூப்பிட்டால் திரும்பாது, புல் எல்லாம் இக்கரையில்தான் இருக்கிறது, அது அக்கரையை எதற்குப் பார்க்கிறது என்று நானும் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன், அதுதான் உதாரணம். உபயோகம்: பார்த்தான், சிரித்தான், சொன்னான் என்பவற்றோடு சேர்க்கலாம். விஸ்ட்புல்லி சாப்பிட்டான் என்று எழுதினால் தப்பு. விஸ்ட்புல்லி கம்பம் நட்டான் என்றும் எழுதக்கூடாது.

இங்கேதான் மாமா, சங்கடம். கம்பம் நடுவது எப்படியென்றால், பின்னால் இரண்டு கம்பத்தை ஒன்றுக்குள் ஒன்று மறையும்படி ஒற்றைக் கண்ணால் பார்த்து, அதே நேரில் அடுத்த குழிக்கு முளை அடிக்கவேண்டும். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான்தான் பார்த்தேன், நான்தான் அடித்தேன். இன்றைக்கு மேட்டில் ஏறிப் பார்த்த மேஸ்திரி நாச்சிமுத்து அங்கிருந்தே கத்துகிறான்:

"ஏனுங்க சாமி, இந்தக் கம்பி ராசிபுரத்துக்குத்தானுங்களே?"

"பின்னே எங்கே?"

"வரிசை மேக்கால சாஞ்சு போவுதுங்க. அந்தப் பக்கம் நமக்கு ஆருங்க ஒறவு?"

"வாயை மூடிட்டு எறங்குடா."

"எறங்கறனுங்க. கம்பத்த ஆருங்க எறக்கறது?"

கூலியாட்கள் அத்தனைபேரும் கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். நானும் ஏறிப் பார்த்தேன். கிழக்கே ஒதுங்கவேண்டிய கம்பமெல்லாம் வெய்யிலில் ஒன்றன்பின் ஒன்றாக, எவனோ கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறமாதிரி, உங்க தோட்டத்துப் பக்கமா போயிட்டிருக்குது மாமா. கோணம் பார்க்கும் கருவி வைத்து அளந்தேன். கருவியில் பிழை இல்லை. கம்பம் போகிற நேரே பார்த்தால் தூரத்தில் மங்கலாக ஒரு தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் உங்க ஊடு இருக்கும், அங்கே இந்நேரம் வெளக்குக்குத் திரி திரிச்சுட்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அந்த மேட்டிலேயே நின்றுவிட்டேன். காண்ட்ராக்டர் வந்தால் வேலை போகும் என்பதுகூட யாருக்கோ ஆகிற காரியம்போல இருந்தது. ஆகவே மேலே எழுதிய உபயோக விதியைத் திருத்திக்கொள்ளும்படி சௌந்திரத்திடம் சொல்லவும். கம்பமும் நடலாம்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். ஆத்தூர்ச் சம்பந்தம் குறைவில்லாமல் நடக்கவேண்டும். மழையும் மகசூலும் உங்களுக்குக் கூடவேண்டும்.

இப்படிக்கு,
தண்டாயுதபாணி

பின்குறிப்பு: சம்மதம் என்று எழுதியதை அடித்துவிடவும். சம்மதமில்லை. வெற்றிலை மாற்றவேண்டாம். இனி நான் செய்யப்போவது:

1. நாளைக்குக் காலையில், காண்ட்ராக்டர் கேட்பதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லுவேன்.

2. கம்பங்களைப் பிடுங்கி நேராக நடுவேன். முளை அடிக்க நாச்சிமுத்துவை விடுவேன்.

3. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வாரேன். உரிமை பேசமாட்டேன். சௌந்திரத்தைக் கேட்பேன், உங்களை அப்புறம்.

4. அவள் ஆத்தூர் என்று சொன்னால், கல்யாணப் பந்தலுக்கு விளக்கு நானே கட்டுவேன். கட்டும்போது எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கமாட்டேன்.