ஏழாம் அத்தியாயம் போன வழி

ஒரு மனிதர் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயத்தை நான் கக்கூசில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டிருக்கிறேன். எங்கள் குடும்பம் இதைச் சொல்லிச் சொல்லி இன்றுவரை சிரிக்கிறது. ஆனால் அவர்கள் சொல்வது பாதிக் கதைதான். மீதிப் பாதியை நான் சாப்பாட்டு மேசையில் எடுப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மாவை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் அக்காவும் அத்தானும் இருந்த இரண்டறை அனெக்ஸில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்திருந்தேன். ஆங்கிலத் தட்டெழுத்துப் படித்திருந்ததால் உலகமே என் விரல் நுனியில் என்ற நினைப்பு. (உலகம் அப்படி நினைக்கவில்லை. வேலை கேட்டுப் போன மூன்று கந்தோர்களில் என் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததுமே கதவைக் காட்டினார்கள்.)

கடைசியில் வேலை கிடைத்தது கொட்டாஞ்சேனையில், ராயப்பு அங்கிள் வீட்டில். வாலிபத்தில் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போய், அங்கே ஒரு விமானப் படைப் பிரிவில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். படை என்றதும் நான் பயந்துபோனேன். அவர் கையை ஆட்டிவிட்டார்.

"சண்டை பிடிக்கிற பிரிவு இல்லைப் பிள்ளை. சாமான் ஏத்துறது, ஆக்களை ஏத்துறது, பறந்துகொண்டிருக்கிற பிளேனுக்குப் பறந்துகொண்டே எண்ணெய் குடுக்கிறது. அவ்வளவுதான்."

முன்னால் போகிற விமானம் வாலிலிருந்து ஒரு நீண்ட குழாயை இறக்கும். அதன் நுனியில் ஒரு கூடை. பின்னால் வருகிற விமானம் தன் மூக்கை அந்தக் கூடைக்குள் நுழைத்து எண்ணெய் குடிக்கும். கன்று பால் குடிக்கிற மாதிரி என்று நான் சொன்னபோது, இருபது வருடத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று அவர் சந்தோசப்பட்டார்.

அந்தப் பிரிவின் சரித்திரத்தைத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருப்பவர்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. மைப்பேனாவால் தடித்த அட்டை போட்ட சீஆர் கொப்பியில் எழுதுவார். ஒரு அத்தியாயம் முடிந்ததும் தாள்களைக் கழற்றி என்னிடம் தருவார். வேறு பிரதி கிடையாது. அதனால் அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்: கையெழுத்துத் தாள் வாசற்படி தாண்டக் கூடாது. இன்னொன்றும் கவனித்தேன். பிரிவிலிருந்த விமானி, சமையல்காரன் எல்லாரையும் எழுதியவர் தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இங்கே வெள்ளவத்தையில், எங்கள் தலைக்கு மேலேயே வேறொரு சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. இரத்மலானை விமானத் தளத்திலிருந்து கிளம்பும் இராணுவத்தின் பெரிய சுமை விமானங்கள் காலையில் கடல் பக்கமாக வடக்கே போகும், பின்னேரம் திரும்பி வரும். அலமாரியில் தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்ல உரசத் தொடங்கும். சத்தம் காதுக்கு வருவது அதற்குப் பிறகுதான். அந்த நேரம் ஒழுங்கையில் ஒருவரும் கதைக்க மாட்டார்கள். அத்தான் மட்டும் (காப்புறுதிக் கந்தோரில் கிளாக்கர், ஆனால் வீட்டில் விமானப் படைத் தளபதி) காதைச் சாய்த்து, "இண்டைக்குப் பாரம் கூட" என்பார். அது அம்மா இருக்கிற பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவிடமிருந்து நாலு மாதமாகக் கடிதம் இல்லை. பகலில் சுமை விமானங்களின் பெருமையைத் தட்டச்சு செய்வேன், வீட்டுக்கு வந்து அதே மாதிரி ஒன்றின் சத்தத்துக்குக் காதைப் பொத்துவேன். இரண்டுக்கும் சேர்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏழாம் அத்தியாயத்தில் வந்தது வினை. ஒரு எண்ணெய் விமானம், குறித்த நேரத்துக்குக் கடலுக்கு மேலே போய், மேகத்துக்குள் குழாயை இறக்கிக்கொண்டு, வரவேண்டிய விமானத்துக்காகக் காத்திருக்கிறது. தட்டச்சில் அந்த இடத்துக்கு வந்தபோது சனிக்கிழமை வேலை நேரம் முடிந்துவிட்டது. மற்றது வந்ததா இல்லையா என்று தெரியாமல் ஞாயிறு முழுக்க எப்படி இருப்பது? அங்கிள் முகம் கழுவப் போன நேரம் முழு அத்தியாயத்தையும், பதினாலு தாளையும், சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு சோதனைச் சாவடி தாண்டினேன். இரண்டிலும் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த கத்தரிக்காய்க் கறியைப் பார்த்துவிட்டு மூடினார்கள். என்னைப்போல் துணிச்சல்காரி ஊரில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பத்து மணியிருக்கும். பாண்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தினான். பிறகு காகங்கள் ஓய்ந்தன. எதிர்வீட்டு வானொலி அணைந்தது. ரயில் பாதைப் பக்கம் எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் குரலும் இல்லை. கடல் மட்டும் கேட்டது.

"சுற்றிவளைப்பு" என்றார் அத்தான், உதட்டால் மட்டும்.

இராணுவம் ஒழுங்கையை அடைத்து வீடுவீடாகச் சோதிக்கும் அந்த நேரத்துக்கு எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் இருந்தது. முதலில், வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்ற பொலிஸ் பதிவுத் துண்டை மேசையில் வைப்பது. அடுத்தது, வீட்டிலுள்ள கடதாசி அத்தனையையும் தேடி, விளங்கப்படுத்த முடியாததை அழிப்பது. அப்பாவின் பழைய படங்கள் பாதி அப்படித்தான் போயின. அக்கா தலையணை உறையைக்கூட உதறிவிட்டு என்னிடம் வந்தாள்.

"உன்னட்டக் கடதாசி ஏதும் கிடக்கோ?"

நீட்டினேன். முதல் தாளிலேயே விமானத்தின் படம். இறக்கைக்குள் எண்ணெய்த் தாங்கி எங்கே, குழாய் எங்கே என்று அம்புக்குறியோடு.

"இதென்னடி?"

"சரித்திரம்."

"ஆரின்ர சரித்திரம்? எங்கட சரித்திரத்தை முடிக்கவோ கொண்டுவந்தனீ?"

எரித்தால் புகை தெரியும். மிச்சமிருந்தது கக்கூஸ்தான். கிழித்துக் கிழித்துப் போட்டுச் சங்கிலியை இழுத்தேன். முதல் தரம் போயிற்று. எங்கள் தொட்டியோ ஒருமுறை இழுத்தால் மறுபடி நிறைய ஐந்து நிமிடம் எடுக்கும். இரண்டாம் தரம் இழுத்துவிட்டு, போனதா என்று குனிந்து பார்க்கும்போது கதவு தட்டப்பட்டது.

மூன்று இராணுவத்தினர் வந்தார்கள். அதிகாரியாயிருந்த பெரியவருக்கு நாற்பது வயதிருக்கும். எதையும் தூக்கி எறியவில்லை, சத்தம் போடவில்லை. பதிவுத் துண்டை வாசித்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அத்தானிடம் தாழ்ந்த குரலில் சிங்களத்தில், "வெசிக்கிளிய?" என்று கேட்டார். கக்கூஸ் எங்கே என்கிறார்.

"வத்துர நே" என்றார் அத்தான், தண்ணீர் இல்லையாம். அந்த நேரம் பார்த்துத் தொட்டி கடகடவென்று நிறைந்துகொண்டிருந்தது. பெரியவர் அத்தானை இரக்கத்தோடு பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அந்த நிமிடங்களை நான் மறக்கமாட்டேன். அலமாரியில் கோப்பைகள் உரசத் தொடங்கின. அன்று ஏனோ விமானம் காலையிலேயே திரும்பி வந்தது, மிகத் தாழ்வாக. வாசலில் நின்ற இரண்டு பேரும் எங்களைப்போலவே மேலே பார்த்தார்கள். சத்தம் கூரையைக் கடந்து போனதும் உள்ளே சங்கிலி இழுபடுவது கேட்டது. பிறகு கதவுக்குக் கீழிருந்து தண்ணீர் வந்தது. மெதுவாக, சீமெந்துத் தரையில் பரவிக்கொண்டு, எங்கள் கால்களை நோக்கி வந்தது. நீல நிறம். அங்கிளின் மூன்று வருட மை.

கதவு திறந்தது. அவருடைய சப்பாத்து நனைந்திருந்தது, அதில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. குனிந்து எடுத்து விரித்தார். எழுத்தெல்லாம் கரைந்து வெறும் நீலம். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, என்னிடம் தமிழில் நிதானமாகச் சொன்னார்:

"நங்கி, அதுக்குக் கடதாசி பாவிக்க வேணாம். அடைக்கும். தண்ணி பாவிங்க. அதுதான் சுத்தம்."

போய்விட்டார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அத்தானுக்கு மட்டும் மானம் போய்விட்டது. "பரம்பரையாச் செம்பில தண்ணி கொண்டுபோற ஆக்களடி நாங்கள்" என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

அன்று பின்னேரம் நானே சரித்திரம் எழுதுகிறவள் ஆனேன். முதல் நாள் இரண்டு தரம் வாசித்தது நினைவிலிருந்தது. மற்ற விமானம் வரவேயில்லை, கடல் கொண்டுபோய்விட்டது. காத்திருந்தது திரும்பி இறங்கியது. ஆனால் யாருக்கும் கொடுக்காத எண்ணெய் தாங்கியில் குறைந்திருந்தது. அது ஏன் என்று அங்கிள் எழுதிய வரி மட்டும் எனக்கு வரவேயில்லை. பேனையை வைத்துக்கொண்டு அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயை இறக்கிவிட்டு, வராதவருக்காகக் காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். எழுதினேன்: மேகத்துக்குள் குழாய் திடீரென்று கனத்தது. ஆடிக்கொண்டிருந்த கூடை, யாரோ பிடித்ததுபோல் அசையாமல் நின்றது. பின்னால் ஒன்றுமில்லை. நாலு நிமிடம் எண்ணெய் போய்க்கொண்டிருந்தது. பிறகு குழாய் இலேசாயிற்று. குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தவன் விமானியிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தட்டச்சு செய்து மேசையில் வைத்தேன். அங்கிள் மதியம் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். குழாய் கனத்த இடத்தில் பென்சில் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்.

"இதின்ர கையெழுத்துத் தாள் எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுப் பெட்டி, கக்கூஸ், நீலத் தண்ணீர், அதிகாரியின் புத்திமதி. திட்டுவார், வேலை போய்விடும் என்று நின்றேன். அவர் திட்டவில்லை, அதிகாரி சொன்னதற்குச் சிரிக்கவும் இல்லை.

"அப்ப இந்த நாலு நிமிசம்?"

"நான் கற்பனையில எழுதினது அங்கிள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வெட்டிவிடுறன்."

"நான் எழுதினது, வால்வில ஒழுக்கு எண்டு. அண்டைக்கு எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னது. செத்துப்போன என்ர மனுசிக்கும் அப்பிடித்தான் சொன்னது." பென்சிலை மேசையில் வைத்தார். "குழாயைப் பாத்துக்கொண்டு பின்னுக்கு இருந்தது நான்தான். உனக்கு ஆர் பிள்ளை சொன்னது?"

அறை குளிர்ந்ததுபோல் இருந்தது. அந்த வரிகளை நான் வெட்டவில்லை. அவரும் வெட்டவில்லை. புத்தகம் அப்படியே அச்சாகிப் போகவேண்டியவர்களிடம் போயிற்று.

அம்மாவின் கடிதம் அடுத்த மாதம் வந்தது. பிறகு அம்மாவும் வந்தார். இன்று எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக் கக்கூஸ் அடைத்தாலும் "ஏழாம் அத்தியாயம் போகுதில்லை" என்றுதான் சொல்வார்கள். கலியாண வீடுகளில் அத்தான் எழுந்து நின்று அந்த அதிகாரியைப்போல் நடித்துக் காட்டுவார், நானும் வயிறு நோகச் சிரிப்பேன். என் மகன் மட்டும் ஒவ்வொரு தரமும் கேட்பான்:

"அம்மா, அந்த அங்கிள் பிறகு என்ன சொன்னவர்?"

"புத்தகம் நல்லா வந்திருக்கெண்டு சொன்னவர்" என்பேன். உனக்கு ஆர் சொன்னது என்று, அவர் சாகும்வரை இன்னும் இரண்டு தரம் என்னிடம் கேட்டார்.