கரை இறங்காதோர் சங்கம்

மனிதன் கடலைக் கடக்கக் கற்றுக்கொண்டு பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் கடலையும் பார்க்காமல், கரையையும் மிதிக்காமல் பயணம் செய்யும் உயர்ந்த கலையை இந்த உலகத்துக்கு வழங்கியவர்கள் உல்லாசக் கப்பல்களின் 'அனுபவப் பயணிகள்' மட்டுமே. அப்படிப்பட்ட பத்துப் பேருடன் ஒரே கப்பலில் ஏழு நாள் மிதக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

முதல் நாள் மதியம், சாப்பாட்டுக் கூடத்தில் என் மனைவி தட்டில் ஒரு ரொட்டியை எடுத்து வைத்தாள்.

"கீழ வைங்கம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓய்வு பெற்ற பல் டாக்டர். முப்பத்தாறு கப்பல் பயணம் முடித்தவர்.

"ரொட்டிங்கிறது வயித்தை அடைக்கறதுக்காகவே வைக்கிறது. புதுசா வர்றவங்கதான் தொடுவாங்க. உங்களுக்கு எத்தனையாவது ட்ரிப்?"

"முதல் தடவை," என்றேன், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

சொத்தைப் பல்லைப் பார்க்கும் பரிவோடு என்னைப் பார்த்தார். "பரவால்ல. சரி பண்ணிடலாம்."

அன்று மாலையே சிகிச்சை ஆரம்பமானது. கேபின் சுவர் இரும்பு, ஆகவே காந்தக் கொக்கி மாட்டித் துணி தொங்கவிட வேண்டும் என்று அறிந்தேன். மேலே போக வேண்டுமானால் முதலில் கீழே போகிற லிஃப்ட்டில் ஏறிவிட வேண்டும் என்று அறிந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, நீச்சல் குளத்துச் சாய்வு நாற்காலிகளை விடிவதற்குள் துண்டு போட்டுப் பிடிக்கும் விதத்தை அறிந்தேன். துண்டு பறக்காமலிருக்க இரண்டு பக்கமும் கிளிப். நடுவில், பாதி படித்தது போல் கவிழ்த்து வைத்த ஒரு புத்தகம். பல் டாக்டரின் புத்தகம் முப்பத்தாறு பயணமாக அதே பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது.

"என்னங்க, நாம கடலைப் பாக்கவே இல்லியே," என்றாள் மனைவி இரண்டாம் நாள்.

"துண்டு போட்டாச்சு. இனிமே நிம்மதியா பாக்கலாம்."

"நாற்காலி குளத்தைப் பாத்துல்ல இருக்கு?"

அனுபவம் இல்லாதவர்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. மூன்றாம் நாள் கப்பல் நிற்கிற துறைமுக ஊரில்தான் மனைவியின் அக்கா இருக்கிறார். எங்கள் கல்யாணத்தை முன்னின்று நடத்தி வைத்தவர். பார்த்து ஒன்பது வருஷம். முழங்காலில் ஆபரேஷன் ஆகி, ஊன்றுகோலோடு நடக்கிறார், பயணம் செய்ய முடியாது. காலை எட்டு மணிக்குத் துறைமுக வாசலில் வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால், என் மனைவி இந்தக் கப்பலில் ஏறியதே அந்த வாசலுக்காகத்தான். கப்பல் அவளுக்கு வெறும் பஸ்.

விஷயத்தைச் சபையில் வைத்தேன். குளத்தோரம் அவசரக் கூட்டம் கூடியது. பொருள்: கரை இறங்குதல்.

"இறங்கப் போறீங்களா?" என்றார் ஜவுளிக்கடைக்காரர். இருபத்தெட்டுப் பயணம். சூப் ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

"கப்பல் காலியா இருக்கிற ஒரே நாள் அதுதான் தம்பி," என்றார் பல் டாக்டர். "சாப்பாட்டுக்கு க்யூ இல்ல. லிஃப்ட்டுல கூட்டம் இல்ல. அன்னிக்குப் போய் யாராவது இறங்குவாங்களா?"

இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்த ஒரு அம்மா தலையசைத்தார். "அந்த ஊருக்கு நான் பன்னெண்டு தடவை வந்திருக்கேன். ரொம்ப நல்ல ஊரு."

"அங்க பாக்கறதுக்கு என்ன இருக்குங்க?" என்று ஆவலாகக் கேட்டாள் மனைவி.

"தெரியலியேம்மா. நான் இறங்கினதில்ல."

பல் டாக்டர் ஒரு காகித நாப்கினில் கணக்குப் போட்டார். கப்பல் நிற்பது எட்டு முதல் நான்கு வரை. முதல் இரண்டு மணி நேரம் இறங்குகிற கூட்டம், ஆகவே பத்து. வாசல் வரை போக அரை மணி, பத்தரை. திரும்புகிற கூட்டத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும், இரண்டு. ஆனால் சாப்பாடு சூடாக இருப்பது பன்னிரண்டரைக்கு. வழியில் எதுவும் நடக்கலாம். அதற்கு ஒரு மணி நேரம். ஆகவே பதினொன்றரை. வெயிலுக்கு அரை மணி கழித்தால்...

"மீதி முப்பது நிமிஷம்," என்றார். "முப்பது நிமிஷத்துக்கு ஒருத்தர் செருப்பு மாட்டணுமா?"

வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஏகமனதில் நானும் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஏழே முக்காலுக்கு மனைவி கைப்பையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கேபின் வாசலில் நின்றாள்.

"பாஸ்போர்ட்டை அறையில வெச்சுட்டுத்தான் போகணும்னு டாக்டர் சொன்னாரே," என்றேன்.

"டாக்டர் பல்லைத்தானே பாத்தாரு? நீங்க வரீங்களா இல்லியா?"

"பத்து நாற்காலிய என்னை நம்பி விட்டிருக்காங்கம்மா. ஆள் இல்லாம நாப்பது நிமிஷம் கிடந்தா சிப்பந்திங்க துண்டை எடுத்துடுவாங்க."

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அக்கா கேட்டா என்ன சொல்றது?"

"முக்கியமான பொறுப்புல இருக்கேன்னு சொல்லு."

போய்விட்டாள். நான் பொறுப்பேற்றேன். நாற்காலிக்கு நான்கு நிமிஷம் வீதம், ஒன்றிலிருந்து பத்து வரை படுத்து எழுந்து, மறுபடி ஒன்றிலிருந்து. கப்பலில் ஆளே இல்லை. குளத்தைச் சுற்றி இருநூறு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அந்த இருநூறின் நடுவே, எங்கள் பத்தை ஒருவரும் அபகரிக்காதபடி ஏழரை மணி நேரம் காத்தேன். மதியம் இன்சூரன்ஸ் அம்மா வந்து, "நீங்க பிறவியிலேயே அனுபவப் பயணி," என்றார். கண் கலங்கிவிட்டது.

மூன்றரைக்கு என்னை மேல்தளத்துக்கு அழைத்துப் போனார்கள். கரையைப் பார்த்த கம்பியோரம், முதல் வரிசையில் எனக்கொரு இடம். சங்கத்தின் மிகப் பெரிய கௌரவம் அது.

"இப்ப பாருங்க வேடிக்கைய," என்றார் பல் டாக்டர், கையில் காபியோடு. "நேரம் போனது தெரியாம இறங்கினவங்க ஓடி வருவாங்க. இதுக்காகவே நான் டிக்கெட் எடுக்கறேன்."

சொன்னபடியே வந்தார்கள். ஒருவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு தம்பதி, பைகளோடு. வரிசை முழுக்கக் கைதட்டியது. ஜவுளிக்கடைக்காரர் மதிப்பெண் சொன்னார். நானும் தட்டினேன். உற்சாகமாகத்தான் இருந்தது.

நான்கு அடிக்க இரண்டு நிமிஷம். கடைசியாக இரண்டு பெண்கள் தூரத்தில் வந்தார்கள். ஓடவில்லை. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஏதோ பேசிச் சிரித்தபடி, மெதுவாக.

"என்ன நடை இது," என்றார் ஜவுளிக்கடைக்காரர். "பத்துக்கு ஒண்ணு."

கப்பல் கதவு மூடியது. படி விலகியது. வரிசையே எழுந்து நின்று ஆரவாரமாகக் கைதட்டியது. நானும் எழுந்து தட்டினேன். அப்புறம்தான் ஒருத்தியின் கையில் ஊன்றுகோலைக் கவனித்தேன். இன்னொருத்தியின் புடவை, காலையில் என் கேபின் வாசலில் நின்ற புடவை.

கை பாதியில் நின்றது. பாக்கெட்டில் போன் அடித்தது.

"என்னங்க, நான் அக்கா வீட்டுல நாலு நாள் இருந்துட்டு ஃப்ளைட்டுல வந்துடறேன்," என்றாள் மனைவி. கீழே அவள் உதடு அசைவது தெரிந்தது. "ஒன்பது வருஷக் கதை. எட்டு மணி நேரத்துல முடியல."

"சரிம்மா. அக்கா... என்னை விசாரிச்சாங்களா?"

"இப்பத்தான் கேட்டா. அங்க மேல முதல் வரிசைல எழுந்து நின்னு கைதட்டறாரே, அது நம்ம மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்னா."

"நீ என்ன சொன்னே?"

"சேச்சே, அவரு இல்லக்கா, அது யாரோ அடிக்கடி கப்பல்ல வர்றவருன்னு சொல்லிட்டேன்."