ஒன்பது மணி வரை நான் பிரிட்டிஷ்காரன்

கூச்ச சுபாவம் உள்ளவன் பொய் சொல்ல மாட்டான் என்பார்கள். அவன் உண்மையையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். அதனால்தான் என்னை ஒருமுறை என் சொந்த நாட்டிலிருந்தே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள்!

எழுபதுகளின் பிற்பகுதி. சிட்னியை ஒட்டிய பரமட்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். நான் பிறந்தபோது பினாங்கு வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்ததால் என்னிடம் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். கல்யாணத்துக்காகப் பினாங்கு புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, குடியுரிமை வாங்கியதற்கு அடையாளமாக ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டும் தபாலில் வந்து சேர்ந்தது. (பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவனுக்கு இரண்டு நாடு! தலைகால் புரியவில்லை.)

"பழசைக் காட்டிப் போட்டு வாரும். பிரிட்டிஷ் எண்டால் உலகத்தில ஒருத்தனும் விசா கேளான்" என்றார் கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்துச் சிவம் அண்ணர்.

பினாங்கில் அப்படியே நடந்தது. யாரும் விசா கேட்கவில்லை. அண்ணர் வாக்கு எனக்கு வேதமாகிவிட்டது.

ஆவணியில் கல்யாணம். பெண் பெயர் சரோஜா. (பெண் பார்க்கப் போன அன்று நான் நிமிரவே இல்லை. அவள் செருப்பு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.) கிளம்பும் நாளில் மாமனார் என் புதுப் பாஸ்போர்ட்டை வாங்கி, சாமி முன் வைத்து, குங்குமம் இட்டு, மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, திங்கக்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். அந்த நேரத்துல மட்டும் புதுசை வெளிய எடுத்துடாதீங்க."

"சரிங்க மாமா" என்றேன். பெரியவர்களிடம் எனக்கு அந்த இரண்டு சொல்தான் தெரியும்.

விமானம் திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்குச் சிட்னியில் இறங்க வேண்டும். கணக்கு கச்சிதம்! வழியெல்லாம் நான் பேசிய பேச்சு இருக்கிறதே... "சரோஜா, பயப்படாதே. அது நம்ம ஊரு. என் பின்னாலயே வந்தா போதும்." கல்யாணமாகி அத்தனை நாளில் நான் அவளிடம் பேசிய மிக நீளமான வசனம் அது.

பின்காற்று அடித்து விமானம் ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிட்டது.

குடிநுழைவு வரிசையில் நின்றபோது மணி எட்டே கால். பின்னால் வந்தவர்களையெல்லாம் "நீங்க முதல்ல" என்று கையால் காட்டி முன்னே அனுப்பினேன். ஒரு கிழவர் எனக்கு நன்றி சொல்லி மிட்டாய்கூடக் கொடுத்தார். சரோஜாவையும் அனுப்பினேன். அவளுடையது பழைய மலேசியப் பாஸ்போர்ட், விசாவும் இருந்தது. ராகுவுக்கு அதில் வேலையில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். ஆஸ்திரேலியாவைக் கண்ணால் கண்டிராத என் மனைவி உள்ளே போய்விட்டாள். குடிமகன் நான் வெளியே நின்றேன்.

கடைசியில் எனக்குப் பின்னால் ஆளே இல்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

"விசா எங்கே?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிரிட்டிஷ், சார்."

"அந்தச் சலுகை போய்ச் சில வருஷம் ஆகிறது. இப்போது அவர்களுக்கும் விசா வேண்டும்."

அண்ணரின் வேதம் அங்கேயே கிழிந்தது. "நான் இங்கேதான் வசிக்கிறேன், சார்."

"அதற்கு அத்தாட்சி?"

சட்டைப்பையில் மஞ்சள் துணி சூடாக உறுத்தியது. ராகு என்பவர் யார், அவருக்கு ஏன் திங்கட்கிழமை காலை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரருக்கு என் ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? வாயில் வந்தது இதுதான்:

"ஒன்பது மணிக்கு மேல் காட்டுகிறேன், சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இன்னொரு அதிகாரி வந்தார். என்னை ஓரமாக நிறுத்தி, நான் வந்த விமானம் எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று பேசிக்கொண்டார்கள். திருப்பி அனுப்பிவிட்டால் சரோஜா? கையில் பெட்டி, தெரிந்த ஒரு முகம் கிடையாது. அப்போதும் என் கை மஞ்சள் துணியைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத்தான் தள்ளியது!

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். அதுவரை முணுமுணுப்பாகவே நான் கேட்டிருந்த குரல்.

"ஏங்க! அந்தப் புதுசை எடுத்துக் காட்டுங்க!"

"மணி எட்டரை சரோஜா... மாமா சொன்னாரே..."

கைக்கடிகாரத்தை உயர்த்திப் பிடித்தாள். அவள் அதை இன்னும் சிட்னி நேரத்துக்கு மாற்றியிருக்கவில்லை. "அப்பா பாத்தது பினாங்கு பஞ்சாங்கம்! பினாங்குல இப்பதான் ஆறு மணி. ராகு இன்னும் பல்லுகூட விளக்கியிருக்க மாட்டாரு. எடுங்க!"

எடுத்தேன். முதல் பக்கத்தைத் திறந்த அதிகாரி, தன் கட்டைவிரல் சிவந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டார். ரத்தம் என்று நினைத்துவிட்டார். குங்குமம் என்று விளக்கியவளும் சரோஜாதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முத்திரை குத்துமுன் அவர் மிகுந்த மரியாதையோடு என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "இப்போது குத்தலாமா, அம்மா?"

இன்றும் என் பிள்ளைகள் விருந்தாளிகளிடம் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நான் எதற்காவது தயங்கினால் போதும், "அப்பா, இது எந்த ஊர் ராகு?" என்பார்கள். எங்கள் வரவேற்பறையில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று சிட்னி, ஒன்று பினாங்கு. ஒரு வேலையைத் தள்ளிப்போட நான் எந்தக் கடிகாரத்தைக் காட்டினாலும், சரோஜா மற்றதைத்தான் பார்க்கிறாள்.